நஞ்சுண்ட பசுவின் வழக்கு

சில மாதங்களுக்கு முன்பு, கொட்டாஞ்சேனையில் நான் கற்பிக்கும் பாடசாலையில், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு மனுநீதிச் சோழன் கதையைக் கூறிக்கொண்டிருந்தேன். கதை யாவரும் அறிந்ததே. அரசிளங்குமரனின் தேர்க்காலில் அகப்பட்டு ஒரு கன்று மாண்டது. தாய்ப்பசு அரண்மனை வாயிலுக்கு வந்து ஆராய்ச்சி மணியை ஒலித்தது. அரசன் வழக்கைக் கேட்டுத் தன் ஒரே மைந்தனை அதே தேர்க்காலில் இட்டான். இக்கதையைக் கற்பிக்கும் ஆசிரியர் நீதியின் மேன்மையைச் சொல்லிப் பாடத்தை முடிப்பது வழக்கம். நானும் அவ்வாறே முடிக்கவிருந்தேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"சேர், அந்தக் கன்றுக்குட்டி தேர்ல அடிபடாம, எங்கயாவது மேயப் போய் நஞ்சுச் செடியைத் தின்னு செத்திருந்தா, ராஜா யாருக்குத் தண்டனை குடுப்பாரு?"

வகுப்புச் சிரித்தது. எனினும் விடைகளும் வந்தன. "செடியைப் பிடுங்கி எரிக்கச் சொல்லுவாரு" என்றான் ஒருவன். "தெரியாமத் தின்னது மாட்டோட பிழைதானே சேர்" என்றான் இன்னொருவன். மூன்றாமவன் சற்றும் தயங்காமல், "மேய்ச்சவனைப் புடிச்சு அடிப்பாரு" என்றான். அதற்குள் பாடவேளை முடிந்து மணி அடித்துவிட்டது.

இப்பிள்ளைகளிற் பலர் துறைமுகத்திலும் கடைகளிலும் கூலிவேலை செய்வோரின் மக்கள். மேய்ச்சல் நிலம் என ஒன்றை அவர்கள் கண்டதில்லை. கொட்டாஞ்சேனைக்கு அண்மையில் ஆட்டுப்பட்டித் தெரு என்றொரு தெரு உண்டு. இன்று அங்கே பட்டியுமில்லை, ஆடுமில்லை, பெயர் மட்டுமே எஞ்சியிருக்கின்றது. அவ்வாறிருந்தும் இம்மூன்று விடைகளை அவர்கள் எங்கிருந்து பெற்றனர்? நம்மிடமிருந்துதான். ஒரு தீங்கு நேர்ந்தவுடன் சமுதாயம் கைநீட்டிக் காட்டும் திசைகள் இவை மூன்றுமே. பொருளின்மீது பழி, பாதிக்கப்பட்ட உயிரின்மீது பழி, அருகில் நின்ற எளியவன்மீது பழி.

அன்று மாலை வெள்ளவத்தைக்குத் திரும்பும் பேருந்தில் நின்றபடி இதனையே எண்ணிக்கொண்டு சென்றேன். ஏனெனில், நஞ்சுண்டு செத்த ஒரு பசுவின் வழக்கில் நானும் ஒரு சாட்சி. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக வாய் திறவாத சாட்சி. அதனைச் சொல்லுமுன், மாணவர் கூறிய மூன்று விடைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய விரும்புகின்றேன்.

*

முதலிற் செடியின் வழக்கு.

செடிக்கு ஓடக் கால்கள் இல்லை. முட்டக் கொம்புகளும் இல்லை. தன்னைத் தின்ன வரும் வாயிலிருந்து தப்புவதற்கு அது முள்ளை வளர்க்கலாம். அல்லது கசப்பையும் நஞ்சையும் தன்னுள்ளே சேர்த்து வைக்கலாம். ஊமத்தை, அலரி, எருக்கு, குன்றிமணி முதலியன இந்த இரண்டாவது வழியைப் பற்றியவை. நஞ்சே அவற்றின் வேலி.

நாமெல்லாம் நன்கறிந்த மரவள்ளியை எடுத்துக்கொள்வோம். அதன் இலையில் லினமாரின் என்னும் சேர்வை ஒன்று உண்டு. அதைச் சிதைக்கும் நொதியமும் அதே இலையில் உண்டு. ஆயினும் இரண்டும் வெவ்வேறு அறைகளில் அடைபட்டுக் கிடப்பதால், இலை தன்பாட்டில் நிற்கும்வரை நஞ்சு வெளிப்படுவதில்லை. பல்லுக்கிடையில் இலை நசுங்கியதும் அறைகள் உடைகின்றன, இரண்டும் கலக்கின்றன, ஐதரோசயனிக் அமிலம் பிறக்கின்றது. அது உடலின் உயிரணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்தும் ஆற்றலைத் தடுத்துவிடுகின்றது. இரத்தத்திலே பிராணவாயு நிறைந்திருக்கும். அதனாலேயே இவ்வாறு இறக்கும் மாட்டின் இரத்தம் வழமைக்கு மாறாகச் செக்கச்செவேலென்றிருக்கும். ஆனால் உயிரணுக்களால் அதனை எடுத்தாள இயலாது. நெல் நிறைந்த களஞ்சியத்தின் வாயிலிற் பட்டினியால் விழுபவனைப் போல, காற்றின் நடுவே மூச்சின்றி அந்த விலங்கு சாகின்றது.

இதே மரவள்ளி தென்னமெரிக்காவிற் பிறந்து, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், ஒல்லாந்தர் காலத்திலே இத்தீவுக்கு வந்தது. வன்னியில் போர்க்காலத்தில் அரிசி அரிதானபோது எத்தனையோ குடும்பங்களின் உலையில் வெந்தது இதன் கிழங்கே. திறந்த பானையில் நன்றாக அவிக்கவேண்டும் என்பது நம் தாய்மார் அறிந்த விதி. இலையைக்கூட வெயிலிற் காயவைத்தால் நஞ்சின் பெரும்பகுதி நீங்கி, மாட்டுக்கு ஏற்ற தீனியாகும். ஆபிரிக்காவின் பல பகுதிகளில் கசப்பு மரவள்ளியையே விரும்பி நடுவோர் உண்டு. காட்டுப்பன்றியும் குரங்கும் கள்வரும் அதனை எளிதில் நாடுவதில்லை என்பது அவர்கள் கூறும் காரணம். உயிர்காப்பதும் உயிர்கொள்வதும் ஒரே செடியானால், அச்செடியின்மீது எக்குற்றத்தைச் சுமத்துவது?

உண்ணிச்செடியின் கதை இன்னும் தெளிவானது. நாயுண்ணி என்றும் அதனை வழங்குவர். மஞ்சளும் சிவப்புமாய்ப் பூக்கும் இது அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி. பூவின் அழகுக்காகக் குடியேற்ற ஆட்சியாளர் தம் பூங்காக்களுக்கு இதனைக் கொண்டுவந்தனர். பறவைகள் பழத்தைத் தின்று விதையைக் காடெங்கும் எச்சமிட்டன. இன்று உடவளவை வனத்தில் யானையின் புல்வெளியைக்கூட இது விழுங்கி நிற்கின்றது. இதனை உண்ட மாட்டுக்கு நேர்வது கொடியது. இலையிலுள்ள இலண்டாடீன் என்னும் நஞ்சு ஈரலைத் தாக்கிப் பித்தம் வடியும் வழியை அடைத்துவிடுகின்றது. புல்லின் பச்சையம் இரைப்பையிற் சிதைந்து உண்டாகும் ஒரு பொருள், வழக்கமாகப் பித்தத்தோடு வெளியேறவேண்டியது, வழியின்றி இரத்தத்திற் கலந்து தோலை அடைகின்றது. பிறகு வெயில் பட்டாற் போதும். தோல் வெந்து உரிகின்றது. வெண்ணிறத் தோலுள்ள இடங்களும் மூக்கும் காதும் முதலிற் புண்ணாகின்றன. இரைப்பையும் இயக்கம் ஓய்ந்துவிடுவதால், உண்ட இலை உள்ளேயே கிடந்து மேலும் மேலும் நஞ்சை ஊட்டுகின்றது. அந்நிலையில் மிருக வைத்தியர் முதலிற் சொல்வது, மாட்டை நிழலிற் கட்டுங்கள் என்பதே. வாழ்நாளெல்லாம் அதனை வளர்த்த புல்லும் வெயிலும் சேர்ந்து அதன் எதிரிகளாகிவிடுகின்றன.

உண்ணிச்செடியைக் கூண்டில் ஏற்றுவதானால், அதனைக் கப்பலில் ஏற்றிவந்த கைகளையும் உடன் ஏற்றவேண்டும். செடி செய்தது பிழைத்துக்கொண்டது மட்டுமே.

*

அடுத்து, "தெரியாமல் தின்றது மாட்டின் பிழை" என்ற விடை.

மாட்டுக்குத் தெரியாது என்று நாம் எளிதிற் சொல்லிவிடுகின்றோம். உண்மை வேறு. தன் மண்ணிலே, புல் போதுமான காலத்திலே, மாடும் ஆடும் நஞ்சுச் செடிகளைப் பெரும்பாலும் விலக்கியே மேய்கின்றன. தாயோடு மேயும் கன்று எதை உண்பது, எதை விடுவது என்பதைத் தாயிடமிருந்தே கற்கின்றது. கசப்பை நாக்கு கண்டுகொள்கின்றது. ஒருமுறை வயிற்றை வருத்திய இலையை விலங்கு நெடுநாள் மறப்பதில்லை. அங்ஙனமாயின் நஞ்சேறுவது எப்போது? வறட்சியில், புல் கருகியபோது. பழக்கமில்லாத புதிய இடத்திற்கு ஓட்டிச் செல்லப்பட்டபோது. நெடுந்தூரம் பசியோடு நடத்தி வந்து, கண்ட பசுமையின் நடுவே அவிழ்த்துவிட்டபோது. மிருக வைத்தியம் கண்ட பொதுநிலைமைகள் இவை. நாக்கின் அறிவு இந்நிலைமைகளிலும் அழிந்துவிடுவதில்லை. அந்த அறிவின்படி நடக்க இடமில்லாமற் போகின்றது.

அமெரிக்க வரலாற்றிலே இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. 1818ஆம் ஆண்டு ஒக்ரோபரில், இந்தியானாவில், நான்சி லிங்கன் என்ற பெண்மணி 'பால் நோய்' என அக்காலத்தவர் அழைத்த நோயால் மாண்டார். அவருடைய ஒன்பது வயது மகனே பிற்காலத்தில் ஜனாதிபதியான ஆபிரகாம் லிங்கன். வெண்பூப் பூக்கும் ஒரு காட்டுச் செடியைப் பசு தின்ன, அதன் பாலை உண்ட மனிதர் மாண்டனர். காடழித்துக் குடியேறியோர் தம் மாடுகளைப் பழக்கமற்ற காட்டுக்குள் மேயவிட்டனர். கோடையின் இறுதியிற் புல் காய்ந்தபோது மாடுகள் அச்செடியை நாடின. சவ்னி இனத்து மூதாட்டி ஒருத்தி இச்செடியை ஒரு வெள்ளையின மருத்துவப் பெண்ணுக்குக் காட்டிக் கொடுத்தாள் என்று ஒரு செய்தி வழங்குகின்றது. ஆயினும் அச்செடியின் நஞ்சை இரசாயன அறிஞர் பிரித்தெடுத்தது 1920களிலேதான். மண்ணை இழந்தவர்களின் அறிவு மண்ணைப் பறித்தவர்களின் காதில் விழ ஒரு நூற்றாண்டு சென்றது.

மாடு வாயில்லாச் சீவன், மனிதன் அவ்வாறில்லையே என்று கேட்கலாம். மனிதனின் கதையையும் பார்ப்போம். 1981இல் மொசாம்பிக் நாட்டின் நம்புலா மாகாணத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்களும் சிறுவரும், திடீரெனக் கால்கள் விறைத்து நடக்க இயலாதவராயினர். காரணம், நஞ்சு நீங்காத கசப்பு மரவள்ளி. அதன் நஞ்சை நீக்கும் முறையை அவ்வூர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். கிழங்கைச் சீவி வெயிலில் நாட்கணக்கில் உலர்த்தவேண்டும். ஆனால் கடும் வறட்சி, வேறு உணவில்லை. பசித்த பிள்ளையை வைத்துக்கொண்டு கிழங்கு காயும்வரை காத்திருப்பது எங்ஙனம்? அறிவு இருந்தது, காத்திருக்க நாட்கள் இருக்கவில்லை. இந்நோய்க்குக் கொன்சோ என்று பெயர். கொங்கோ நாட்டு மொழியொன்றில் அதன் பொருள், கட்டுண்ட கால்கள்.

இதிலிருந்து நான் பெறும் முடிபு இது. நன்மை தீமையை அறிதல் வேறு. தீயதை மறுக்க முடிதல் வேறு. அறநூல்கள் பெரும்பாலும் முதலாவதைப் பற்றியே பேசுகின்றன. அறிந்தும் செய்தான், ஆகவே குற்றவாளி என்கின்றன. ஆனால் மறுப்பதற்கு வேண்டியது அறிவு மட்டுமன்று. மறுத்த பின் உண்பதற்கு வேறொன்று வேண்டும். காத்திருக்கக் காலம் வேண்டும். விலகிச் செல்ல நிலம் வேண்டும். இவை யாவும் பறிக்கப்பட்ட உயிரிடம், "உனக்குத் தெரியாதா?" என்று கேட்பது விசாரணையாகாது.

*

இனி, மேய்த்தவனின் வழக்கு. இங்குதான் என் சாட்சியம் வருகின்றது.

1996இல் கிளிநொச்சியை விட்டு மக்கள் பெயர்ந்தபோது எனக்கு வயது எட்டு. நாங்கள் இரண்டு பசுக்களை ஓட்டிக்கொண்டு மல்லாவிப் பக்கம் சென்று, அறிமுகமில்லாத ஒருவரின் வளவிற் கொட்டில் போட்டோம். மாடு மேய்க்க ஒரு பையன் எங்களோடிருந்தான். அவனுக்குப் பதின்மூன்று வயதிருக்கலாம். 1977 வன்செயலின் பின் மலையகத் தோட்டமொன்றிலிருந்து வன்னிக்கு வந்து, காணியின்றிக் கூலிகளாய் வாழ்ந்த குடும்பம் அவனுடையது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களின் பேரன் அவன் என்பதை நான் பின்னர் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தபோதுதான் உணர்ந்தேன். அந்நாளில் எனக்கு அவன் பட்டம் கட்டத் தெரிந்த ஓர் அண்ணன்.

மாரி மழைக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. குளத்தின் அலைகரையெங்கும் இடம்பெயர்ந்தோரின் மாடுகள். புல்லின் வேர்கூட மிஞ்சவில்லை. எங்கள் உலையும் சுருங்கிற்று. எங்களுக்கு மத்தியானத்திற் கஞ்சியாவது இருந்தது. அவனுக்கு இரவுச் சாப்பாடு மட்டும் என்றாயிற்று. அப்படி எவரும் தீர்மானித்துச் சொல்லவில்லை. ஒருநாள் கொடுக்கவில்லை, மறுநாளும் கொடுக்கவில்லை. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

அந்த நாள் நண்பகலில் அவன் வளவுக்காரரின் அலம்பல் வேலியை விலக்கி, மரவள்ளித் தோட்டத்துக்குள் நுழைந்து ஒரு கிழங்கைக் கிளறி எடுத்தான். சருகு கூட்டிச் சுட்டான். நானும் உடனிருந்தேன். சுட்ட கிழங்கில் ஒரு பாதியை எனக்குத் தந்தான். நாங்கள் அதனை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்த வேளையில், எங்கள் சிவலைப் பசு விலக்கிய வேலியின் வழியே உள்ளே போய், வெட்டிய கட்டைகளிற் புதிதாய்த் துளிர்த்திருந்த இலைகளைத் தின்றது. கட்டையில் மீளத் துளிர்க்கும் இளந்தளிரிலே நஞ்சு மிகுதி என்பதை இருவரும் அறிந்திருக்கவில்லை. நாங்கள் கண்டு விரட்டியபோது அது இரண்டடி வைத்துத் தள்ளாடிற்று. வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தது. விழுந்தது. அரைமணி நேரத்திற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இந்நஞ்சுக்கு முறிமருந்து உண்டு. சோடியம் நைத்திரைற்றும் சோடியம் தயோசல்பேற்றும் உடனடியாக நரம்பில் ஏற்றினால் மாடு பிழைக்கக்கூடும். ஆனால் அது பொருளாதாரத் தடை நிலவிய காலம். மனிதருக்கே மருந்து போதாத காலம்.

பாம்பு கடித்ததென்றே என் தந்தையார் முதலில் எண்ணினார். அயலிலிருந்த முதியவர் ஒருவர் பசுவின் வாயிலிருந்த இலையை எடுத்துப் பார்த்து, மரவள்ளி என்றார். வேலியைத் திறந்தது யார் என்ற கேள்வி எழுந்தது. பையன் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்:

"பசிச்சிச்சுங்கய்யா."

அவன் கூறிய வாக்குமூலம் அந்த ஒரு சொல் மட்டுமே. தந்தையார் பூவரசங் கம்பை முறித்தார். அவர் கொடியவர் அல்லர். வீட்டின் ஒரே பால் வற்றியது, பெயர்ந்து வந்த இடத்தில் இருந்த ஒரே செல்வம் செத்தது என்ற பதைப்பு அவருக்கு. அடித்த பின், பசுவின் விலைக்காக இரண்டு மாதச் சம்பளத்தையும் நிறுத்திக்கொண்டார். மறுநாள் விடியலில் அவன் போய்விட்டான்.

நான் என்ன செய்தேன்? கரி படிந்த என் விரல்களைக் காற்சட்டையின் பின்புறத்தில் துடைத்துக்கொண்டேன். கிழங்கில் பாதியை நானும் தின்றேன் என்று சொல்லவில்லை. அவனுக்கு மத்தியானச் சோறு கொடுப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும், அதையும் சொல்லவில்லை.

*

மேய்த்தவனும் குற்றவாளியல்லன் எனின், வழக்கு எங்கே செல்கின்றது? நான்காவது விடையொன்று இருக்கவே செய்கின்றது. மேய்ச்சல் நிலத்தை மூடியவன் யார் என்ற கேள்வியே அதற்கு வழி.

எங்கள் பசுவை அதன் மண்ணிலிருந்து பெயர்த்தது யுத்தம். யுத்தத்திற்கு முன்னரும் நிலம் மூடப்பட்ட வரலாறு இந்நாட்டிற்கு உண்டு. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடுகளையும் பயிரிடாத நிலங்களையும், மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்று கருத வகைசெய்தது. பத்திரம் இல்லாத கண்டிக் கிராமத்தான், தன் பாட்டன் காலமுதல் மாடு மேய்த்த சரிவு தனக்குரியதென்று எவ்வாறு நிரூபிப்பான்? அச்சரிவுகள் கோப்பித் தோட்டங்களாயின. பின்னர் தேயிலைத் தோட்டங்களாயின. 1876இல் கால்நடை அத்துமீறல் பற்றிய சட்டமும் வந்தது. நேற்றுவரை மேய்ந்த இடத்தில் இன்று கால்வைத்த மாடு அத்துமீறிய மாடாயிற்று. அத்தோட்டங்களில் உழைக்கவென்று தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களின் வழித்தோன்றலே எங்கள் மாட்டை மேய்த்த பையன் என்பதை இங்கு நினைவுகூரவேண்டும். கிராமத்தானின் பசுவை விரட்டிய வேலியும் அவனுடைய முன்னோரை லயத்துக்குள் அடைத்த வேலியும் ஒன்றே.

இவை பழங்கதைகள் அல்ல. மட்டக்களப்பு மாவட்டத்தின் மயிலத்தமடு, மாதவனைப் பகுதிகள் பட்டிக்காரரின் பெரும் மேய்ச்சல் தரைகள். அங்கே அயல் மாவட்டங்களிலிருந்து வந்தோர் பயிர்செய்யத் தொடங்கியதனால் மேய்ச்சல் தரையை இழப்பதாகவும், மாடுகள் சுடப்பட்டும் வெட்டப்பட்டும் சாவதாகவும் பட்டிக்காரர் முறையிட்டனர். 2023 செப்டெம்பரில் சித்தாண்டியிலே தெருவோரம் அமர்ந்து அறப்போராட்டம் தொடங்கினர். அங்கு மண்வெட்டியோடு வந்து நிற்கும் ஏழைச் சிங்கள விவசாயியைப் பட்டிக்காரரின் எதிரி என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அவனும் சொந்த ஊரிற் காணி போதாமல் வந்தவனாயிருக்கலாம். இரு ஏழைகளை ஒரே புற்றரையில் எதிரெதிரே நிறுத்திவிட்டு, அப்பால் நின்று வேடிக்கை பார்க்கும் அரசியலைப் பற்றியே நாம் பேசவேண்டும். பட்டி ஒடுங்கிய நிலத்தில் நெருக்கப்படும்போது, புல் தீர்ந்த பின் மாடு எதைத் தின்னும் என்பதை முன்னரே கண்டோம்.

*

இவ்விடத்திற் கட்டுரையை முடித்துவிடலாம். நம் போன்றோர் வழக்கமாக இங்குதான் முடிக்கின்றோம். குற்றவாளி செடியுமன்று, பசுவுமன்று, பையனுமன்று. சமுதாய அமைப்பே குற்றவாளி என்று சொல்லிவிட்டால் கூட்டத்திற் கைதட்டல் கிடைக்கும். அது பொய்யுமன்று. ஆயினும் அந்த முடிவிலே எனக்கு ஓர் அச்சம் உண்டு. அமைப்பு என்னும் அந்தப் பெரிய மரத்தின் நிழலில், கரி படிந்த விரல்களைத் துடைத்துக்கொண்டு நானும் ஒதுங்கி நின்றுவிடலாம் அல்லவா?

2022ஆம் ஆண்டு நாடு பொருளாதார நெருக்கடியிற் சிக்கியிருந்தபோது, என் வகுப்பில் ஒரு பிள்ளையின் சோற்றுப் பொதி காணாமற் போயிற்று. எடுத்தவனைக் கண்டுபிடிக்க அதிக நேரம் செல்லவில்லை. நிலப் பங்கீடு பற்றியும் வர்க்கம் பற்றியும் மேடையிற் பேசும் நான், பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே "ஒழுக்கக்கேடு" என்று என் கைப்பட எழுதினேன். அன்று காலை அவன் ஏதாவது உண்டானா என்று கேட்கவில்லை. எழுதி முடித்த பின்னரே மல்லாவியின் அந்த நண்பகல் என் நினைவிற்கு வந்தது. அப்போது எழுத்தை அழித்தேன். அவனுடைய முகத்தில் ஏறிவிட்ட வெட்கத்தை அழிக்க என்னால் இயலவில்லை.

ஆகவே குற்றத்தை அளக்க ஓர் அளவுகோல் வேண்டுமெனில், நான் இதனையே முன்வைப்பேன். ஒருவனுக்கு மறுப்பதற்கு எவ்வளவு இடம் இருந்ததோ, அவ்வளவே அவன்மீது பொறுப்பு. பசுவுக்கு இடமே இருக்கவில்லை. பையனுக்கு மிகச் சிறிதே இருந்தது. அந்தச் சிறிதிலும் அவன் தன் கிழங்கிற் பாதியைப் பிறனுக்குக் கொடுத்தான், கேட்டபோது உண்மையையும் சொன்னான். என் பெற்றோருக்கு அவனைவிட அதிக இடம் இருந்தது. ஒரு கோப்பைக் கஞ்சி அளவுக்கேனும் இருந்தது. எனக்கு, உண்மையைச் சொல்வதனால் ஓர் அடி விழுமே தவிர வேறெந்த இழப்பும் இருக்கவில்லை. சட்டம் இயற்றியோருக்கும் யுத்தத்தை நடத்தியோருக்கும் இருந்த இடமோ மிகப் பெரிது. பொறுப்பு இந்த வரிசையில் மேலேறிச் செல்லவேண்டும். நடைமுறையில் தண்டனை இதே வரிசையிற் கீழிறங்கி வருகின்றது. மேலே உள்ளவர்களைக் கூண்டில் ஏற்றும் போராட்டத்தைக் கைவிடலாகாது. அதே வேளை, வரிசையின் நடுவில் நிற்கும் நாமும் நம் பங்கைத் தட்டிக்கழிக்கலாகாது. ஆசிரியரும் மாணவரும் பெரும்பாலும் இந்த நடுவிலேயே நிற்கின்றோம்.

பையனைப் பசுவோடு சேர்த்து, "பாவம், அவனால் வேறென்ன செய்ய முடியும்?" என்று இரங்கிவிடுவதும் நீதியாகாது. அவன் பேசினான். அவன் கூறிய ஒற்றைச் சொல் மன்னிப்புக் கோரிக்கை என்றே அன்று எல்லோர் காதிலும் விழுந்தது. அதுவோ சாட்சியம்; அந்த வழக்கின் முழு உண்மையையும் அடக்கிய சாட்சியம். கேட்ட எவரும், "ஏன் பசித்தது?" என்று அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை.

மனுநீதிச் சோழன் கதையில் நாம் வியப்பது மகனைக் கொன்ற தண்டனையை. அதில் எனக்கு இப்போது வியப்பில்லை. ஓர் உயிர்க்கு இன்னோர் உயிரை எடுப்பதால் எந்தக் கன்றும் எழுவதில்லை. என்னைக் கவர்வது அதற்கு முந்திய, பலர் கவனியாத ஒரு செய்தி. அந்த மணியின் கயிறு ஒரு பசுவின் கொம்புக்கு எட்டும் உயரத்திலே தொங்கிற்று. நம்முடைய மன்றங்களிலும் பாடசாலைகளிலும் வீடுகளிலும் கயிறு எந்த உயரத்திலே தொங்குகின்றது என்பதே இன்றைய கேள்வி.

மறுநாள் வகுப்புக்குச் சென்று, கேள்வி கேட்ட மாணவனுக்கு விடையாக மல்லாவியில் நடந்ததை ஒன்றுவிடாமற் சொன்னேன். கிழங்கில் ஒரு பாதியை நான் தின்றதையும் சொன்னேன். வகுப்பிலே இம்முறை எவரும் சிரிக்கவில்லை. "மேய்ச்சவனைப் புடிச்சு அடிப்பாரு" என்று முதல்நாள் சொன்னவன் சற்று நேரம் கழித்துக் கையை உயர்த்தினான்.

"அந்த அண்ணா இப்ப எங்க சேர்?"

தெரியாது என்றேன். தேடினீர்களா என்று அவன் அடுத்துக் கேட்டான்.